மூன்றாவது கையெழுத்து பிழையைத் தடுக்குமா? மருந்து வழங்கலில் சரிபார்ப்பு குறித்து

#1 எட்டாம்தட்டு எழுதியது:

புறநோயாளிகளுக்கு மருந்து வழங்கும் பிரிவில் ஏழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். போன வாரம் எங்களிடம் ஒரு பிழை வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. அதைப் பற்றி என்னைவிட அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுத்துவரும் ஒரு பெண்மணியின் மருந்துச்சீட்டு அது. 2.5 மி.கி. மாத்திரை மூன்று, அதாவது 7.5 மி.கி., வாரத்துக்கு ஒரே ஒருநாள். சீட்டில் 0-0-3 என்றும், அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஞாயிறு மட்டும் என்றும் இருந்தது. லேபிள் அடித்த இளையவர் 0-0-3 என்பதைக் கணினியில் இட்டவுடன், அது தானாகவே 'தினமும் இரவு மூன்று மாத்திரை' என்று அச்சிட்டுவிட்டது. நான்தான் இரண்டாவதாகச் சரிபார்த்தவன். மருந்தின் பெயர், வலிமை, எண்ணிக்கை, காலாவதித் தேதி எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்திட்டேன். மருந்தைக் கையில் வாங்கிய பிறகு அந்த அம்மா, "இதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே சாப்பிட்டேன், இனிமேல் தினமுமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்: வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, எலும்பு மஜ்ஜை ஒடுங்குதல், அதன் பிறகு நோய்த்தொற்று.

இதற்குத் தீர்வாக மேற்பார்வையாளர் மூன்றாவதாக ஒருவரும் கையெழுத்திட வேண்டும் என்று சொல்கிறார். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் தவறவிட்டவனே நான் என்பதால், அதை மறுத்துப் பேசவும் நா எழவில்லை. உங்கள் கருத்து என்ன?

#2 தராசு எழுதியது:

எட்டாம்தட்டு அவர்களே, இதை மறைக்காமல் எழுதியதற்கு முதலில் நன்றி. நீங்கள் எதையெல்லாம் பார்த்தேன் என்று வரிசைப்படுத்தியிருக்கிறீர்களோ, அந்த வரிசையிலேயே விடை இருக்கிறது. பெயர், வலிமை, எண்ணிக்கை, காலாவதி ஆகிய நான்குமே மருந்துப் பெட்டியைப் பற்றியவை. சாப்பிடும் முறையை நீங்கள் லேபிளில் படித்தீர்கள், சீட்டில் படிக்கவில்லை. அச்சில் திருத்தமாக ஒரு வாசகம் கண்ணெதிரே இருக்கும்போது, கிறுக்கிய கையெழுத்தும் அதைத்தான் சொல்கிறது என்று மனம் தானே முடிவுகட்டிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தவறாக எண்ண வேண்டாம். நான்கு வாரத்துக்கு என்றால் பன்னிரண்டு மாத்திரை எண்ணியிருப்பீர்கள். தினமும் மூன்று என்றால் பன்னிரண்டு மாத்திரை நான்கு நாளுக்குத்தான் வரும். எண்ணிக்கையும் லேபிளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது அந்தப் பொட்டலத்திலேயே எழுதியிருந்தது. எண்ணிக்கை சரி என்று ஒரு டிக், லேபிள் சரி என்று இன்னொரு டிக் என்று போட்டுவிட்டோமே தவிர, இரண்டையும் பக்கத்தில் வைத்து வகுத்துப் பார்க்க யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. நான் ஒரு நீண்டகால நோய் மருந்தைச் சரிபார்க்கும்போது, எண்ணிக்கையை ஒருநாள் அளவால் வகுத்து எத்தனை நாள் என்று ஒருமுறை மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன். இரண்டு விநாடிகூட ஆகாது.

மூன்றாவது கையெழுத்தைப் பற்றி: முதலாமவர் இரண்டாமவர் பார்ப்பார் என்று நம்புகிறார், இரண்டாமவர் முதலாமவர் பார்த்திருப்பார் என்று நம்புகிறார். மூன்றாமவர் வந்தால் நம்புவதற்கு இரண்டு பேர் கிடைப்பார்கள், அவ்வளவுதான்.

#3 இரவுப்பணி எழுதியது:

தராசு அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். இரண்டாவது சரிபார்ப்பே வீண் என்ற முடிவுக்கு யாரும் தாவிவிடக் கூடாது. சரிபார்ப்பு என்பது தனித்து நடந்தால்தான் அது சரிபார்ப்பு. அதாவது, இரண்டாமவர் முதலில் சீட்டை மட்டும் படித்து, லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்த பிறகுதான் பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். "மெத்தோட்ரெக்சேட் மூன்று, இரவு, சரிதானே?" என்று முதலாமவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நீட்டினால், அந்தக் கணமே இரண்டாமவரின் கண் கட்டப்பட்டுவிடுகிறது. இன்சுலின், கீமோதெரபி மருந்துகள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், ஓபியாய்டு வகை வலிநீக்கிகள் போன்ற உயர் ஆபத்து மருந்துகளுக்கு மட்டும் இந்தத் தனித்த சரிபார்ப்பை முழு ஒழுங்குடன் செய்வது, எல்லா மருந்துக்கும் மூன்று கையெழுத்து வாங்குவதைவிட மேலானது என்பது என் எண்ணம். எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார் என்று சொன்னால் எதையும் உன்னிப்பாகப் பார்க்க மாட்டோம்.

நான் இரவில் தனியாகப் பணிபுரிபவன். எனக்கு இரண்டாமவரே கிடையாது. மருந்தை எடுத்து, லேபிள் ஒட்டி, தட்டில் வைத்துவிட்டு வேறொரு வேலைக்குப் போய்விடுவேன். சில நிமிடம் கழித்து வந்து, யாரோ முன்பின் தெரியாதவர் செய்துவைத்ததைப் போல அதைச் சீட்டிலிருந்து தொடங்கிப் படிப்பேன். இப்படிப் பிடித்த என் சொந்தப் பிழைகளை எண்ணினால் எனக்கே கூச்சமாக இருக்கும்.

எட்டாம்தட்டு அவர்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் கையெழுத்திட்டபோது யாராவது உங்களைக் கூப்பிட்டார்களா, தொலைபேசி அடித்ததா? ஆஸ்திரேலியாவில் சிட்னி நகர மருத்துவமனைகளில் 98 செவிலியர் மருந்து கொடுப்பதை நேரில் கவனித்துச் செய்த ஓர் ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் மருத்துவ ரீதியான பிழைகள் 12.7 விழுக்காடு கூடியதாக அதில் கண்டார்கள். அது செவிலியரைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் நம் கவுண்டரில் நிற்பவருக்கு வேறு வகை மூளை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

#4 எட்டாம்தட்டு எழுதியது:

தொலைபேசி அடிக்கவில்லை, இரவுப்பணி அவர்களே. ஆனால் அதே நேரத்தில் கவுண்டரில் ஒருவர் மீதிச் சில்லறையைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டேதான் கையெழுத்திட்டேன். நீங்கள் கேட்கும்வரை இது எனக்கு நினைவிலேயே இல்லை.

பன்னிரண்டை மூன்றால் வகுக்கவில்லை என்பதும் உண்மை. அதைப் படித்ததும் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

#5 கணினிமேசை எழுதியது:

நான் மருந்தாளுநராக இருந்து, இப்போது மருந்தக மென்பொருளைப் பராமரிக்கும் பக்கம் வந்துவிட்டவன். இந்தப் பிழையில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள், மூன்றாமவர் கணினி. அதன் பங்கைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை.

காலை, பகல், இரவு என்று மூன்று கட்டம் கொண்ட குறிப்பு முறையில் நாளுக்குள் எப்போது என்று சொல்ல இடம் இருக்கிறது. எந்த நாள் என்று சொல்ல இடமே இல்லை. 0-0-3 என்பதைத் தினமும் என்று விரித்தது மென்பொருளின் கோளாறு அல்ல. அதற்குச் சொல்லிவைத்ததை அது செய்தது. எனவே மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கு மட்டும் இயல்பான முறையே வாரம் ஒருமுறை என்று அமைத்துவிட வேண்டும். எந்தக் கிழமை என்று நிரப்பாமல் லேபிள் அச்சாகக் கூடாது. இதே மருந்து புற்றுநோய்க்கும் தரப்படுவதால், யாராவது தினமும் என்று மாற்ற முயன்றால், எந்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக என்ற காரணத்தை எழுதினால்தான் நகர வேண்டும். இது பல நாடுகளில் பரிந்துரைக்கப்படும் வழிதான். ஐரோப்பிய மருந்துகள் முகமை 2019-இல் இதே மருந்துக்காக, மாத்திரைகளைக் குப்பியில் தருவதை நிறுத்திவிட்டுப் பட்டையில் அடைத்துத் தரவும், வாரம் ஒருமுறை என்ற எச்சரிக்கை உறையில் தெளிவாகத் தெரியவும் வழி செய்தது. பிரிட்டனில் பல இடங்களில் 10 மி.கி. மாத்திரையைத் தவிர்த்து 2.5 மி.கி. மட்டுமே வழங்குகிறார்கள், ஒன்றுக்குப் பதில் மற்றதை எடுத்து நான்கு மடங்கு கொடுத்துவிடும் பிழைக்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது.

எச்சரிக்கைப் பெட்டியைத் திரையில் காட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. மருத்துவர்கள் இத்தகைய எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006-இல் வந்த ஒரு மீளாய்வு காட்டியது. ஒருநாளில் நூறு முறை தோன்றும் பெட்டி எச்சரிக்கை அல்ல, கை தானாக அழுத்தும் ஒரு பொத்தான். ஆகவே, நிறுத்துவதற்குரிய இடத்தில் முழுவதுமாக நிறுத்த வேண்டும். மற்ற இடங்களில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மென்பொருளுக்குச் சொல்கிறேன்.

#6 வெள்ளைத்தாள் எழுதியது:

பார்கோடு ஸ்கேன் செய்தால் இந்தத் தொல்லை எல்லாம் தீர்ந்துவிடுமே என்று எங்கள் நிர்வாகம் சொல்கிறது. பெயர் ஒத்த மருந்துகளுக்குச் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிடும் முறையும் இருக்கிறது. இவற்றைப் பயன்படுத்தியவர்கள் யாராவது உண்டா?

#7 கணினிமேசை எழுதியது:

பார்கோடு நல்ல கருவிதான். அமெரிக்காவில் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில், படுக்கையருகே பார்கோடு பார்த்து மருந்து கொடுக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகு, நேரம் தவறுவதைச் சேர்க்காத பிழைகள் 11.5 விழுக்காட்டிலிருந்து 6.8 விழுக்காடாகக் குறைந்ததாக 2010-இல் பதிவு செய்தார்கள். ஆனால் எட்டாம்தட்டு அவர்களின் பொட்டலத்தை நூறு முறை ஸ்கேன் செய்திருந்தாலும் அது நூறு முறையும் சரி என்றே சொல்லியிருக்கும். மருந்து சரியானது, வலிமை சரியானது. தவறியது சாப்பிடும் முறை. ஒவ்வொரு கருவியும் எந்த ஓட்டையை அடைக்கும், எதை அடைக்காது என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

#8 தராசு எழுதியது:

பெயர் ஒப்புமைக்கு என் பதில். ஹைட்ராலசின், ஹைட்ராக்சிசின்; கார்பமசெபின், கார்பிமசோல்; புரோப்ரனலால், பிரெட்னிசலோன்; அசதயோபிரின், அசித்ரோமைசின். இந்த இணைகளை நாம் அனைவரும் ஒருமுறையாவது கையில் மாற்றி எடுத்திருப்போம். வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய ஆங்கில எழுத்தில் காட்டுவது பார்வைக்கு உதவுகிறது என்று சோதனைக்கூட ஆய்வுகள் சொன்னாலும், அமெரிக்காவில் 42 குழந்தைகள் மருத்துவமனைகளின் ஒன்பது ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இந்த முறை வந்ததால் பிழை குறைந்ததாகக் காணவில்லை. செலவில்லாதது, செய்யலாம், ஆனால் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அத்துடன், நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. தமிழில் அச்சாகும் லேபிளில் இந்த உத்திக்கு வேலையே இல்லை.

தமிழ் லேபிள் என்றதும் நினைவுக்கு வருகிறது. 'ஒரு வேளை' என்பதை இடைவெளி இல்லாமல் அச்சிட்டு, 'ஒருவேளை சாப்பிடவும்' என்று ஒரு லேபிளை நானே பார்த்திருக்கிறேன். சாப்பிடுவதா வேண்டாமா என்று நோயாளியே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

என் அலமாரியில் பெயர் ஒத்தவற்றை அகரவரிசைப்படி பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை நிறுத்திவிட்டேன். ஒன்றை எடுக்க இடப்பக்கமும் மற்றதை எடுக்க வலப்பக்கமும் நடக்க வேண்டும். ஒரே நிறுவனம் தன் மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் அட்டைப்பெட்டி செய்யும்போது, பெயர் ஒவ்வாத இரண்டுகூட இரட்டைப் பிறவிகளாகிவிடுகின்றன. அவற்றையும் பிரித்துவிடுவேன்.

#9 சிறுகரண்டி எழுதியது:

குழந்தைகளுக்கான மருந்து வழங்குபவள் என்ற முறையில் ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் பெயரைவிட எண்ணே ஆளைக் கொல்லும். பாராசிட்டமால் திரவம் 5 மி.லி.யில் 120 மி.கி. என்றும், 250 மி.கி. என்றும், சொட்டு மருந்தாக 1 மி.லி.யில் 100 மி.கி. என்றும் வருகிறது. 'ஐந்து மி.லி. கொடு' என்று மட்டும் எழுதிய சீட்டுக்குச் சொட்டு மருந்தைக் கொடுத்தால், 120 மி.கி. போக வேண்டிய குழந்தையின் வயிற்றில் 500 மி.கி. போகும். அதனால் மி.கி., மி.லி. இரண்டும் எழுதப்படாத சீட்டை நான் வழங்குவதில்லை. எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவேன். எடையையும் கிலோவிலேயே கேட்பேன். பவுண்டில் சொன்ன எடையைக் கிலோ என்று எடுத்துக்கொண்டால் அளவு இரண்டு மடங்குக்கு மேலாகிவிடும்.

புள்ளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கிப் பத்தாகும். முன்னால் சுழியம் இல்லாமல் .5 என்று எழுதினால் ஐந்தாகும். இன்சுலின் அளவுக்குப் பின்னால் யூ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால், அதுவும் ஒரு சுழியமாகத் தெரிந்து பத்து மடங்காகும். மைக்ரோகிராமைக் கிரேக்க எழுத்தில் குறித்தால் மி.கி. என்று படித்து ஆயிரம் மடங்காகும். இவை எல்லாம் எழுதுபவர் கையில் நிகழ்ந்தாலும், பிடிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்சுலினில் சிரிஞ்சும் ஒரு கண்ணி. 100 யூனிட் குப்பி மருந்தை 40 யூனிட் சிரிஞ்சின் கோட்டில் அளந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போகும். குப்பியை மட்டும் கொடுத்து, சிரிஞ்சை வேறெங்கோ வாங்கிக்கொள்ளச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.

#10 எட்டாம்தட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு சிக்கல் எழுந்திருக்கிறது. லேபிள் அடித்த இளையவருக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை கொடுக்கப்போகிறார்களாம். அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கையெழுத்திட்டவன் நான், என்மீது நடவடிக்கை இல்லை. வெளியே யாருக்கும் தீங்கு நேராததால் இதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம் என்றும் சொல்கிறார்கள்.

#11 மூத்தகை எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கவுண்டரில் நின்று ஓய்வு பெற்றவன் நான். உங்கள் மேற்பார்வையாளர் செய்யப்போகும் இரண்டு காரியத்தில் அந்த எச்சரிக்கைக் கடிதமே அதிக ஆபத்தானது. மூன்றாவது கையெழுத்து நேரத்தைத்தான் வீணாக்கும். எச்சரிக்கைக் கடிதமோ, அடுத்த பிழையை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடும். அந்தப் பிள்ளை இனிமேல் தன் பிழையை யாரிடமும் சொல்லாது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளும் சொல்ல மாட்டார்கள்.

சட்டமே இதை உணர்ந்து மாறிய நாடு உண்டு. பிரிட்டனில் மருந்தாளுநர் கவனப்பிசகாகச் செய்த வழங்கல் பிழைகூட 1968-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி குற்றமாக இருந்தது. தண்டனைக்கு அஞ்சி யாரும் பிழையை வெளியே சொல்ல மாட்டார்கள் என்ற வாதம் பல ஆண்டு நடந்து, 2018-இல்தான் பதிவுபெற்ற மருந்தகங்களில் தொழில்நெறிப்படி பணியாற்றியவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. வேண்டுமென்றே செய்ததற்கும், நோயாளியைப் பொருட்படுத்தாமல் நடந்ததற்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

தீங்கு நேரவில்லை என்பதால் பதிய வேண்டாம் என்பது தலைகீழான நியாயம். தீங்கு நேராத பிழைதான் நமக்கு இலவசமாகக் கிடைத்த பாடம். அமெரிக்காவில் 50 மருந்தகங்களில் நேரில் கவனித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 4,481 மருந்துச்சீட்டுகளில் 77 பிழைகள் இருந்தன. அவற்றில் ஐந்துதான் உடல்நலத்துக்குக் கேடு தரக்கூடியவை. அந்த ஐந்தை மட்டும் பதிபவர், மீதி எழுபத்திரண்டிலும் அதே ஓட்டை இருந்ததை எப்படி அறிவார்? வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோலுக்கு அங்கே முதலில் லோசெக் என்றுதான் வணிகப்பெயர். அதை லேசிக்ஸ் என்ற சிறுநீர் பெருக்கி மருந்தாக மாற்றிப் படித்து மருந்து மாறிப்போகிறது என்று தகவல்கள் வந்த பிறகே, 1990-இல் பிரைலோசெக் என்று பெயரை மாற்றினார்கள். யாரோ சிலர் வெட்கத்தை விட்டு எழுதிப்போட்டதால் ஒரு பெயரே மாறியது.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். பதிவேட்டை மாதம் ஒருமுறையாவது யாரேனும் திறந்து படிக்க வேண்டும். யாரும் படிக்காத பதிவேடும் ஒரு மூன்றாவது கையெழுத்துதான்.

#12 இரவுப்பணி எழுதியது:

மூத்தகை ஐயா சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனாலும் ஆளுக்குப் பொறுப்பே இல்லை, எல்லாம் அமைப்பின் குறை என்று பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. சீட்டைப் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம் ஒருவரிடம் இருந்து, பல முறை சொல்லியும் மாறவில்லை என்றால், அது கவனப்பிசகு அல்ல.

#13 மூத்தகை எழுதியது:

சரிதான், மறுக்கவில்லை. நழுவியவரையும், துணிந்து குறுக்கே போனவரையும் ஒரே கோலால் அளக்கக் கூடாது. இந்தப் பிள்ளை நழுவியது; கணினி அந்த இடத்தை வழுக்கலாக்கி வைத்திருந்தது.

#14 தராசு எழுதியது:

இழை நீண்டுவிட்டாலும், அடிப்படையான ஒன்று விடுபட்டிருக்கிறது. இந்தப் பிழையைப் பிடித்தது நம்மில் யாரும் அல்ல, அந்த அம்மா. அதுவும் அவர் தானாகக் கேட்டதால். கேட்கத் தயங்குபவராக இருந்திருந்தால்?

ஆகவே கையில் கொடுக்கும் இடத்தையே கடைசிச் சோதனையாக மாற்றிக்கொள்ளலாம். "இன்னார்தானே நீங்கள்?" என்று கேட்டால் காது மந்தமானவரும் தலையாட்டுவார், "உங்கள் பெயர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். பிறகு, இந்த மருந்து எதற்கு என்று மருத்துவர் சொன்னார், எப்படிச் சாப்பிடச் சொன்னார், என்ன எதிர்பார்க்கலாம் என்றார் என மூன்றையும் அவர் வாயாலேயே வரவைக்க வேண்டும். அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கான சுகாதாரச் சேவையில் மருந்தாளுநர்களுக்குப் பயிற்றுவித்த முறை இது. பொட்டலத்தைப் பிரித்து மாத்திரையைக் காட்டிக்கொண்டே பேசினால், "இது வேறு நிறமாக இருக்கிறதே" என்ற சொல்லும் அப்போதே வந்துவிடும். நாம் சொல்லி அவர் தலையாட்டுவது அறிவுரை. அவர் சொல்லி நாம் லேபிளைப் பார்ப்பதுதான் சரிபார்ப்பு.

#15 எட்டாம்தட்டு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எச்சரிக்கைக் கடிதம் வரவில்லை. மூத்தகை ஐயாவின் பதிலை அச்செடுத்து மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது கையெழுத்து மட்டும் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதோடு சண்டைபோட எனக்கு இப்போது விருப்பமில்லை.

மெத்தோட்ரெக்சேட்டுக்குக் கிழமை நிரப்பாமல் லேபிள் வராதபடி கணினியில் மாற்றிவிட்டார்கள். அதற்கு அரைமணி நேரம்தான் ஆனது. நான்கு வாரத்துக்கு மேல் அந்த மருந்தை ஒரேயடியாக வழங்குவதில்லை என்றும், அதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் அமிலத்தைத் தனி உறையில் வேறு நிற லேபிளுடன் கொடுப்பது என்றும் நாங்களே முடிவு செய்தோம். சரிபார்க்கும் மேசையைக் கவுண்டரிலிருந்து ஆறடி தள்ளிப் போட்டிருக்கிறோம். அங்கே நிற்பவரிடம் சில்லறை கேட்க முடியாது.

பதிவேடு தொடங்கி முதல் வாரத்தில் ஒன்பது பதிவுகள் வந்தன. முதல் பதிவு என்னுடையது. இரண்டாவது பதிவு அந்த இளையவருடையது: அசதயோபிரின் சீட்டுக்கு நான் எடுத்துவைத்த அசித்ரோமைசினை, அவர் சீட்டிலிருந்து படிக்கத் தொடங்கிப் பிடித்திருக்கிறார்.